கிணற்றுக்குள் இறக்கிய வெளிச்சம்

எங்கள் கிணற்றடியில் ஒரு வேலி அடித்தார்கள். கிணற்றைச் சுற்றி அல்ல, கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஆய்வுக்கு வந்தவர்கள் வைத்த கருவியைச் சுற்றி. தடித்த கம்பி வலை, கொங்கிரீட் தூண்கள், பூட்டுப் போட்ட ஒரு சின்னக் கேற். யானை வந்து மிதித்துவிடுமாம், மாடு உரசிவிடுமாம். என் தம்பியை விழுங்கிய கிணறு பக்கத்திலேயே வாயைப் பிளந்தபடி கிடக்கிறது. அதை மூட ஒரு பலகைகூட இல்லை. அந்த வேலியைப் பார்த்த அன்று எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். என் வாய்க்குப் பயந்து ஆசிரியர் அறையில் பலர் எனக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். தம்பி அப்படியே எனக்கு நேரெதிர், யாரோடும் சண்டை பிடிக்காதவன். அவன் சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்குப் போனான். சீதனமாக வந்த வீட்டோடு சாகாமம் குளத்துக்கு மேற்கே ஒரு மேட்டுக்காணியும் வந்தது. காணி தம்பியின் மனைவியின் பெயரில் இருந்தது. அவளும் நானும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காணியில் உழைத்தது தம்பியும் என் கணவரும். இரண்டு மச்சான்மாரும் அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு ஒரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் போவார்கள். சோளமும் மிளகாயும் போட்டார்கள். குளத்துத் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறாது. கிணறு ஒன்றுதான் கதி.

மழை பொய்த்த ஒரு வருடம் அந்தக் கிணறும் வற்றியது. துளை போடுகிற ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் கிணற்றின் அடியிலேயே இயந்திரத்தை இறக்கி, கீழே இருந்த இறுகிய பாறையைத் துளைத்தான். தண்ணீர் வந்தது. கூடவே குமிழியும் வந்தது. குடித்துப் பார்த்தால் இலேசான புளிப்பு, நாக்கில் ஒரு சுர்ரென்ற கடி. துளைத்தவனும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, நல்ல அதிர்ஷ்டம் என்று சொல்லி இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நிலத்தைத் துளைத்துப் பிழைக்கிறவனுக்கு, நிலத்துக்குள்ளிருந்து என்ன வருகிறது என்று ஒரு கேள்வி எழும்ப வேண்டாமா? அவன் முகத்தை எங்காவது கண்டால் கேட்கத்தான் இருக்கிறேன்.

அந்த நோன்புக்குத் தம்பி ஒரு கான் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்தான். "ராத்தா, நம்மட கிணத்துல சோடா ஊத்து வந்திரிக்கு. இனிக் கடையில காசு குடுக்கத் தேவல்ல. குடிச்சிப் பாருங்க" என்றான். நன்னாரி சர்பத் கலந்து நோன்பு திறந்தோம். பிள்ளைகள் கோப்பைக்குச் சண்டை போட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தான்.

எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் ஆள் இறங்குமுன் வெளிச்சம் இறக்குவது ஒரு வழமை. வாப்பாவின் காலத்தில் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி, பிஸ்மி சொல்லி மெல்ல இறக்குவார்கள். வெளிச்சம் அடி வரைக்கும் போய் நின்றால் ஆள் இறங்கலாம். எதற்கு என்று கேட்டால் சிலர் பாம்பு பார்க்க என்பார்கள், சிலர் ஜின் ஒதுங்கிப் போகும் என்பார்கள், மற்றவர்கள் அது வழமை என்பதோடு முடித்துக்கொள்வார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று கால் கடுத்த காலத்தில் லாம்புகளெல்லாம் பழைய சாமானோடு மூலைக்குப் போயின. அதன் இடத்துக்கு சார்ஜ் போடுகிற டோர்ச் வந்தது. கயிறு இருந்தது, பிஸ்மி இருந்தது, வெளிச்சமும் இருந்தது. எதுவும் மாறியதாக ஒருவருக்கும் படவில்லை.

மழையில்லாத சிறுபோகத்தில் ஒரு காலை. இலை அசையவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். தண்ணீர் இழுக்கும் குழாயின் அடியில் இருக்கிற வால்வு இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றத் தம்பி இறங்கவேண்டும். என் கணவர் டோர்ச்சைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடி வரைக்கும் போய்ப் பளிச்சென்று நின்றது. "வெளிச்சம் நல்லா எரியுது மச்சான், இறங்குங்க" என்றார். தம்பி கம்பிப் படியில் கால்வைத்து இறங்கினான். வால்வைப் பிடிக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

என் கணவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே காலை வைத்தார். பக்கத்துக் காணிக்காரர்கள் ஓடிவந்து அவரைப் பின்னால் இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தம்பியைக் கயிறும் கொக்கியும் போட்டுத்தான் மேலே எடுத்தார்கள். உயிரில்லாமல், மையத்தாகத்தான் வந்தான்.

பொலிஸில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சடைத்ததாகச் சொன்னார்கள். ஏன் அடைத்தது என்று கேட்க நான் வாயெடுத்தபோது அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் மாரடைப்பு என்றார்கள், மீதிப் பேர் ஜின் என்றார்கள். ஜனாஸா வீட்டில் வந்தவர்களெல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேள்வி கேட்கிறவளின் வாயை அடைக்க எடுத்தால் எனக்குப் பொறுக்காது. "நாட்டம் அல்லாஹ்ட. காரணம் என்ன?" என்று ஒரு பெரிய மனிதரிடம் கேட்டேன். துக்கத்தில் கதைக்கிறாள், விடுங்கள் என்றார்கள்.

என் கணவருக்கு அந்த நாட்களில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு வசனம் இருந்தது. "வெளிச்சம் எரிஞ்ச. நான் என்ட கண்ணால பாத்த." பொலிஸுக்கும் அதைத்தான் சொன்னார், வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அதைத்தான் சொன்னார். கணவனை இழந்து, பிற ஆண்களுக்கு முகம் காட்டாமல் இத்தா இருந்த என் மச்சி கேட்கட்டும் என்று அவள் அறைத் திரைக்கு இப்பால் நின்று சத்தமாகவும் சொன்னார். செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் இறக்கினேன் என்பது அதன் அர்த்தம். அது இல்லாவிட்டால் அந்த மனிதர் எழும்பி நடந்திருக்க மாட்டார். எனக்கு அது தெரியும்.

பிறகு யாரோ ஒரு பொடியன் கிணற்றுக் குமிழியைப் போனில் படம் பிடித்து, நெருப்பில்லாமல் கொதிக்கும் ஜின் கிணறு என்று போட்டான். அது எங்கெங்கோ சுற்றி ஓர் ஆய்வாளரின் கண்ணில் பட்டது. அவருக்கு ஆங்கிலம் தெரியும், சிங்களம் தெரியும், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் பாடசாலைக்கு ஆள் வந்தது. என் தம்பியின் கிணற்றுக்கு என்னை விட்டால் வேறு யார் போவது என்று நானே போனேன்.

ஆய்வாளர் நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுகம். ஜீப்பில் எனக்கு முன்சீற்றைத் தந்தார், பிஸ்கட் பெட்டியை நீட்டினார். கிணற்றுக்குள் ஒரு ரப்பர்க் குழாயை இறக்கி, அதன் மறுமுனையைக் கருவியில் மாட்டினார். கருவியின் சின்னத் திரையில் வந்ததைப் பார்த்ததும் பெருநாள் பிறை கண்டவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. கரியமில வாயு, நிலத்துக்கடியிலிருந்து தானாக வருகிறது, நாங்கள் தேடியது இதைத்தான் என்றார்.

அடுத்த முறை அவர் ஆட்களோடு வந்து, கருவியை அங்கேயே நிறுத்தி அதைச் சுற்றி வேலி அடித்த அன்றுதான், இதை எதற்குத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். விளக்கமாகத்தான் சொன்னார். தொழிற்சாலைப் புகைபோக்கிகளிலிருந்து வரும் கரியமில வாயு உலகத்தைச் சூடாக்குகிறது. அதைப் பிடித்து நிலத்துக்கடியில் ஆழமாகப் புதைத்துவிடலாம் என்பது ஒரு திட்டம். புதைத்தால் அது அங்கேயே கிடக்குமா, மேலே வந்துவிடுமா? மனிதர் புதைத்துப் பார்த்தது இதுவரைக்கும் கொஞ்சக் காலம்தான். ஆனால் நிலம் தானாகவே அதை எத்தனையோ காலமாக அடைத்துவைத்திருக்கிறது. ஆகவே இப்படி இயற்கையாகக் கசிகிற இடங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். எங்கே இறுகிய பாறை மூடியிருக்கிறதோ அங்கே வாயு அடங்கிக் கிடக்கிறது. எங்கே பாறையில் வெடிப்பு இருக்கிறதோ, எங்கே மனிதர் துளை போட்டார்களோ, அந்த வழியாக ஏறுகிறது. உங்கள் காணி எனக்கு நல்ல செய்தி சொல்கிறது என்றார். துளை போடும் வரைக்கும் இந்தக் கிணற்றில் ஒரு குமிழிகூட வரவில்லையே, அப்படியானால் பாறை எவ்வளவு நன்றாகத் தாங்கியிருக்கிறது பாருங்கள் என்றார்.

நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது குனிந்தவன் நிமிராமல் கிடந்த இடம்.

"இந்த வாயு ஆளைக் கொல்லுமா?" என்று கேட்டேன்.

வெளியில் வந்தால் காற்றோடு போய்விடும், பயமில்லை என்றார். காற்றைவிடப் பாரமானது என்பதால் குழியில், கிணற்றில் தேங்கும். கச்சான் காற்று வீசுகிற நாளில் வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விடும், காற்றில்லாத காலையில் அடியிலிருந்து நிரம்பி நிற்கும். மணமில்லை, நிறமில்லை. குனிகிறவர் சில மூச்சிலேயே நினைவிழந்துவிடுவார். பரீட்சைக் கேள்விக்கு விடை சொல்கிற மாதிரிச் சொன்னார். அதனால்தான் தம்பி அதற்கு முன்னால் அதே கிணற்றில் இறங்கி உயிரோடு ஏறியிருக்கிறான். அந்தத் தடவைகளில் காற்று வீசியிருக்கிறது, அவ்வளவுதான்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரியும். இங்குள்ளவர்களிடம் சொன்னீர்களா?"

அறிக்கை வெளிவரும், உரிய இடத்துக்குப் போகும் என்றார். மக்களுக்கு அறிவிப்பது எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை என்றார்.

"வேலி மட்டும் எல்லைக்குள்ள வந்துதாக்கும்?" என்று தமிழில் கேட்டேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். முகம் சிவந்து கருவியைத் துடைக்கத் தொடங்கினார். வாயுவைப் பாறை தாங்குமா என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்த மனிதர், அதன் மேலே குடியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் திறக்கவில்லை. நாளைக்கு எங்கேயாவது புகைபோக்கி வாயுவைப் புதைக்கும்போதும் இப்படித்தான் நடக்கும். பாறை தாங்கும். ஆட்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி கழற்றப் போன வால்வு இன்னும் கிணற்றுக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. மச்சிக்கு அந்தக் காணியை விட்டால் வருமானம் இல்லை, சோளம் வாடுகிறது. ஆய்வாளர் அடுத்த முறை வரும் நாளில் ஆட்களும் நிற்பார்கள், அன்றைக்கு நானே இறங்கிக் கழற்றுகிறேன் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"இறங்க வேணாம். அதுக்குள்ள காத்து இல்ல, நஞ்சு" என்றேன்.

"என்ன கத கதைக்கிற? காத்து இல்லாட்டி வெளிச்சம் எப்பிடிகா எரியும்? அண்டைக்கு எரிஞ்ச. நான் பாத்த. மச்சானுக்கு நெஞ்சுக்குள்ள வருத்தம் இரிந்திரிக்கும்."

"என்ன வெளிச்சம்?"

"டோர்ச்."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் குசினி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் நிச்சயம் செய்துகொள்ள ஆய்வாளருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அந்த வாயுவுக்குள் லாம்பு அணைந்துவிடும் என்றார். டோர்ச்? அவர் சிரித்தார். டோர்ச் மூச்சு விடுவதில்லையே டீச்சர் என்றார். ஒரு மனிதரை அடிக்கவேண்டும் என்று என் வாழ்க்கையில் அன்றுதான் எனக்குத் தோன்றியது.

என் கோபத்துக்கு அன்று எல்லாரும் அகப்பட்டார்கள். துளைத்தவன், பொலிஸ், ஜின் படம் எடுத்த பொடியன், ஆய்வாளர், ஏனென்று சொல்லாமலே லாம்பை இறக்கிவந்த எங்கள் பரம்பரை முழுவதும். என் கணவரை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நான் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாமலிருந்தால் அவர் இறங்குவார், காற்றில்லாத காலையாக இருந்தால் அவரும் குனிந்தபடியே கிடப்பார். லாம்பை இறக்கிக் காட்டினால் இறங்கமாட்டார். ஆனால் அவர் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரே வசனத்தை நான் என் கையாலேயே உருவி எடுத்துவிடுவேன். இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும். இப்படி ஒரு நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட எல்லார் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழவும் செய்தேன். பிறகு எழும்பி, ஒரு ஜாம் போத்தலில் துளை போட்டு, திரி வைத்து, குப்பி விளக்கு ஒன்று செய்தேன்.

ஆய்வாளர் வந்த காலையில் காற்று இல்லை. பக்கத்துக் காணிக்காரர்கள் வந்திருந்தார்கள். மச்சியும் வந்திருந்தாள். இத்தா முடிந்து வெகு நாளான பிறகும் அவள் அந்தக் காணியில் கால் வைத்தது அன்றுதான். ஆய்வாளர் அவர்களிடம் பேச விரும்பினார். உங்கள் நிலம் அறிவியலுக்குப் பெரிய பங்களிப்புச் செய்கிறது என்று தொடங்கினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இந்தக் கிணத்துக்குள்ள ஒரு வாயு இரிக்கி. அதுதான் என்ட தம்பிய மௌத்தாக்கின. இவருக்குத் தெரியும். உங்களுக்கு ஆரும் சொல்லல்ல. இப்ப நான் சொல்றன்" என்றேன்.

அவர் சொன்னது சிறிய வசனம், நான் சொன்னது நீளம் என்று ஆய்வாளருக்கே சந்தேகம் வந்திருக்கும். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. என் கணவர் டோர்ச்சைக் கயிற்றில் கட்டி முடித்திருந்தார். நான் குப்பி விளக்கை ஏற்றி, "இதையும் அதோட கட்டுங்க" என்று நீட்டினேன். அவருக்கு எரிச்சல். ஆட்களுக்கு முன்னால் மறுக்க முடியாமல் கட்டினார். பிஸ்மி சொன்னார். இறக்கினார்.

கிணற்றின் பாதிக்குக்கூடப் போகவில்லை. விளக்கின் சுடர் நீண்டது, மஞ்சளாகச் சுருங்கியது, ஊதாமலே அணைந்தது. பக்கத்தில் டோர்ச் பளிச்சென்று எரிந்துகொண்டே அடி வரைக்கும் போனது.

என் கணவர் கயிற்றை இழுத்தார். விளக்கைத் தானே பற்றவைத்தார். மறுபடி இறக்கினார், அணைந்தது. மறுபடி இழுத்தார். நெருப்புக்குச்சிகள் பற்றாமல் முறிந்தன. மறுபடியும் பற்றவைத்து இறக்கினார். "போதும்" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசி நெருப்புக்குச்சி தீரும் வரைக்கும் இறக்கினார். பிறகு கயிறு, டோர்ச் எல்லாவற்றையும் மேலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிணற்றுக்கு முதுகு காட்டி நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஆய்வாளர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். தயவுசெய்து இப்படி ஏற்றி இறக்கவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள், உள்ளே வாயு கலங்கினால் இன்றைய அளவு பிழையாகிவிடும்.

"என்னவாம்?" என்று மச்சி கேட்டாள்.

இதை மட்டும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படியே சொன்னேன்.

மச்சி அதிகம் கதைக்காதவள். தம்பியின் மையத்து வீட்டுக்கு வந்தபோதும் சத்தம் போட்டு அழாதவள். அந்தக் கம்பி வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மச்சி, இது என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த காணி. வேலி என்ட காணியில நிக்கிது. அத அந்தப் பெட்டியச் சுத்தி வைக்க நான் சொல்லல்ல. கழட்டி என்ட கிணத்தச் சுத்தி நட்டுட்டுப் போகச் சொல்லுங்க. இல்லாட்டி நாங்க நடுவம்" என்றாள்.

நான் அதை மொழிபெயர்த்தபோது என் குரல் காணி முழுக்கக் கேட்டிருக்கும். ஆய்வாளர் ஏதோ அனுமதி, மேலிடம் என்று தொடங்கினார். பக்கத்துக் காணிக்காரர்கள் அதற்கிடையில் மண்வெட்டியோடு தூணடிக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவரே சாவியைக் கொண்டுவந்து பூட்டைத் திறந்து கொடுத்தார். வெயில் சாய்வதற்குள் வலை கிணற்றைச் சுற்றி வந்துவிட்டது. அவருடைய கருவி வெட்டவெளியில் நின்றது. மச்சியின் சோளம் அந்தப் போகம் கருகித்தான் போனது.

என் கணவர் வேலி நட வரவில்லை. நான் போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி, "நான்தானே இறங்கச் சொன்ன" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அல்லாஹ்வின் நாட்டம் என்றும் சொல்லியிருக்கலாம். காரணம் என்ன என்று எல்லாரிடமும் கேட்ட வாயால் அவரிடம் பொய் சொல்ல எனக்கு முடியவில்லை.

"ஓம். நீங்கதான் சொன்ன. உங்களுக்கு ஆரும் சொல்லித் தரல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மடியில் கிடந்த டோர்ச்சை எடுத்துப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை, அது அவ்வளவு நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் விரலால் தடவிப் பொத்தானைத் தேடி அதை அணைத்தார்.